சுண்ணாம்புக்கு அடங்காத கண்ணன்

நம் தெருப் பிள்ளைகளுக்கு,

பிள்ளைகள் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. நம்மில் பாதிப் பேருக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மீதிப் பேருக்குப் பல் போய்விட்டது. இருந்தாலும் ஒரே குழாயடியில் குடத்தால் இடித்துக்கொண்டு நின்றவர்களை வேறு எப்படிக் கூப்பிடுவது?

வாட்ஸ்அப் குழுவில் வந்த போட்டோவைப் பார்த்தேன். ஆம்பூரில் நம் பஜனை கோயில் உள்சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டப் போகிறார்களாம். வேலூர் லாங் பஜாரில் ஆர்டர் கொடுத்தாகிவிட்டதாம். பால் வெள்ளையில் டைல்ஸ், நடுவில் அச்சடித்த கண்ணன். சிவந்த கன்னம், கையில் புல்லாங்குழல், பக்கத்தில் மயில். துணியால் ஒரு துடை துடைத்தால் போதுமாம். எல்லோரும் கைகூப்பும் பொம்மையை வரிசையாகப் போட்டிருந்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று ஒருத்தி போனில் கேட்டாள். "நீதான் சத்துவாச்சாரில போய் செட்டில் ஆய்ட்டியே, உனக்கு இன்னாடி அந்தச் சுவரு?" என்றும் சேர்த்துக் கேட்டாள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். எனக்குச் சம்மதமில்லை. அந்தச் சுவரில் ஏற்கெனவே ஒரு கண்ணன் இருக்கிறான்.

அவன் எப்படி வந்தான் என்பது உங்களில் சிலருக்கு மறந்திருக்கும். சிலர் மறந்தது போல் இருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஆடி மாதம். காற்று தெருப் புழுதியையெல்லாம் வாரிச் சோற்றில் போடும். தெருக்கோடியில் தோல் பதனிடும் ஷாப். உள்ளே பெரிய மரப் பீப்பாய்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் நமக்குத் தூக்கம் கலையும். ரயிலில் நம் ஊரைக் கடக்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நமக்கோ அப்படி ஒரு வாசனை இருப்பதே வெளியூர் போய்த் திரும்பும் நாளில்தான் தெரியும்.

அப்பாவுக்கு அங்கே பீப்பாயில் வேலை. அம்மாவுக்குக் கலர் தேய்க்கும் பகுதியில். பதப்பட்டு வந்த ஆட்டுத்தோலை மேஜைமேல் விரித்து, பஞ்சுக் கட்டையால் கலரைத் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார்கள். அம்மா சோறு பிசைந்து உருண்டை வைக்கும்போது நான் அவள் கையைத்தான் பார்ப்பேன். நகக்கண்ணில் கறுப்பு இருந்தால் அன்றைக்கு ஷாப்பில் கறுப்பு ஓடியிருக்கிறது. காவி இருந்தால் காவி. அந்த ஆடி முழுக்க நீலம். யாரோ வெளிநாட்டுப் பெண்களுக்கு நீலச் செருப்பு பிடித்துப்போனதாம், அப்பா சொன்னார். அந்த நீலம் சோப்புக்கும் போகவில்லை, புளிக்கும் போகவில்லை, சீயக்காய்க்கும் போகவில்லை. அம்மாவின் மூக்குத்தி ஓரத்தில் கூட ஒரு சொட்டு இருந்தது. தூக்கத்தில் மூக்கைச் சொறிந்திருப்பாள்.

தம்பி அப்போது தத்தித் தத்தி ஓட ஆரம்பித்திருந்தான். நடப்பது அவனுக்குப் பிடிக்காது, ஓட்டம்தான். எங்கள் வீட்டுப் பின்பக்கம் வேலி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வேலி என்று பேர்தான். அதற்கு அந்தப் பக்கம் ஷாப்பின் சுண்ணாம்புக் குழிகள். மயிர் கழல்வதற்காகத் தோலை ஊறப்போடும் குழிகள், மேலே ஆடை கட்டிக் கெட்டித் தரை மாதிரியே தெரியும். ஒரு கன்றுக்குட்டி தரை என்று நினைத்துக் கால் வைத்தது. அது கத்திய கத்தல் எனக்கு இன்னும் கேட்கிறது.

அந்தக் கன்றுக்குட்டிக்குப் பிறகுதான் அம்மா தம்பியைக் கட்டிப்போட ஆரம்பித்தாள். பழைய நூல் சீலையை நீளமாகக் கிழித்து, அவன் இடுப்பில் அரைஞாணுக்கு மேலே சுற்றி, மறுமுனையைப் பின்கட்டு உரலில் கட்டுவாள். முருங்கை நிழல் உரல்மேல் விழும். முடிச்சு எப்போதும் முதுகுப் பக்கம், அவன் கைக்கு எட்டாத இடத்தில். பக்கத்து வீட்டுக் காலா அங்கேயே சுவர் ஓரம் உட்கார்ந்து செருப்பின் மேல்பாகம் தைத்துக்கொண்டிருப்பார். உருது பேசுகிறவர்கள் சின்னம்மாவைக் காலா என்பார்கள். தெருவுக்கே அவர் காலாதான். ஊசியில் ஒரு கண், தம்பிமேல் ஒரு கண். "அரே ராஜா, மண்ணத் துன்னாதடா!" என்று அவர் அதட்டுவது எதிர்வீட்டுக்குக் கேட்கும். அம்மா டீ நேரத்தில் ஓடி வருவாள், சாப்பாட்டு நேரத்தில் ஓடி வருவாள். கட்டு உரசிய இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மறுபடி ஓடுவாள்.

தெரு சும்மா இருக்குமா? "பெத்த புள்ளைய நாய்க்குட்டி மாதிரி கட்டிப் போட்டுட்டுப் போறாளே, அப்படி இன்னா சம்பாத்தியம்?" என்றார்கள். வகுப்பில் டீச்சர் எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி, "உங்க வீட்ல தம்பியக் கட்டியா போடறீங்க?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா கலர்க் கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "குழில உழுந்தா உங்க டீச்சர் வந்து தூக்குவாங்களா? கேட்டுட்டு வா" என்றாள். நான் கேட்கவில்லை. இன்றைக்கென்றால் கேட்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் பஜனை கோயில் சுவரில் படம் எழுத ஆரம்பித்தார்கள். கோயில் என்றால் கோபுரமா குளமா, ஒரே ஒரு கூடம், நாலு தூண், ஒரு மேடை. சனிக்கிழமை பஜனை. அப்பா அங்கே ஜால்ரா போடுவார். தர்மகர்த்தா பச்சைத்தோல் மண்டி வைத்திருந்தவர். லாரி லாரியாக உப்புத் தடவிய தோல் அவர் மண்டியில் இறங்கித்தான் ஷாப்புகளுக்குப் போகும். நம் ஷாப்புக்கும் அவர்தான் சரக்கு. மண்டிக்காரர் என்றே சொல்கிறேன், உங்களுக்குப் புரியும். அவர் மண்டியிலிருந்து வந்தால் பின்வாசலில் குளித்து, வெள்ளை வேட்டி மாற்றி, சந்தனம் வைத்துக்கொண்டுதான் முன்வாசலுக்கு வருவார். வந்த பிறகு அவருக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை.

கோகுலாஷ்டமிக்குள் சுவரில் ஒரு கண்ணன் வேண்டும் என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். கடைகளுக்குப் போர்டு எழுதும் ஒருவர் திருப்பத்தூரிலிருந்து வந்தார். வெண்ணெய் திருடிய கண்ணனை யசோதை உரலில் கட்டும் காட்சி. முதலில் யசோதையை எழுதினார்: சிவப்புச் சேலை, கையில் கயிறு, கோபமான புருவம். பிறகு உரல், கவிழ்ந்த பானை, சிந்திய வெண்ணெய். பிள்ளையைக் கடைசிக்கு விட்டுவைத்தார், கோடு மட்டும் போட்டு. அதற்குள் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போய்விட்டார். பத்தியம், கீழாநெல்லி, இப்போதைக்கு வர முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

சுவரில் யசோதை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கயிற்றுக்குள்ளே பிள்ளை இல்லை. வெறும் வெள்ளை. நாம் அதைப் பேய்ப்பிள்ளை என்று சொல்லிப் பயமுறுத்திக்கொள்வோம். மாசமாக இருந்த ஒரு அக்கா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். அஷ்டமி நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டிக்காரர் பஜனை முடிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது அப்பா ஜால்ராவைத் துணியில் சுற்றிக்கொண்டே, "எங்க வீட்ல கோலம் நல்லா போடும், மொதலாளி. படமும் வரும்" என்றார். அப்பா வாயிலிருந்து அவ்வளவு நீளமாகப் பேச்சு வந்ததே அதிசயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எழுதினாள். நானும் தம்பியும் கூடவே போவோம். தம்பியைத் தூணில் கட்டிவிட்டுத்தான் எழுதுவாள். போர்டு எழுதியவர் விட்டுப்போன கோட்டைப் பார்த்தாள். "இன்னா இது, கொழந்தையா? நாலடி ஆளு மாதிரி நிக்கிறான்" என்று அழித்தாள். தூணைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து எழுதினாள். கட்டை இழுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, தொப்பை பிதுங்க, உதடு கோணி நிற்கும் பிள்ளை. ஒரு காது கொஞ்சம் பெரியது. போர்டு எழுதியவர் கயிற்றின் முடிச்சைத் தொப்புள் மேல் போட்டிருந்தார். அம்மா அதை முதுகுப் பக்கம் தள்ளினாள். தம்பியை அப்படியே தூக்கிச் சுவரில் வைத்துவிட்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

யசோதை எவ்வளவு கயிறு எடுத்தாலும் கண்ணன் இடுப்புக்கு இரண்டு விரல் பத்தாமல் போனது என்று கதை சொல்வார்களே, அதை நான் பஜனையில் கேட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். சாமியின் மாயம் என்றேன். அம்மா எழுதுவதை நிறுத்தவில்லை. "மாயமும் இல்ல ஒண்ணும் இல்ல. கட்றதுக்கு அந்தம்மாவுக்கு மனசு வரல. மனசு வரலன்னா எந்தக் கயிறும் பத்தாது" என்றாள்.

இனி நீலத்துக்கு வருகிறேன். கடைத்தெருவில் துணிக்குப் போடும் நீலம்தான் கிடைத்தது. கரைத்துப் பூசினாள். காய்ந்ததும் சாம்பல் பூத்து, கை பட்டால் மாவாக உதிர்ந்தது. அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் ஷாப்பில் டின் அடியில் தங்கியிருந்த நீலத்தைக் கேட்டாள். மேஸ்திரி, "கொட்றதுதானே, எடுத்துக்கம்மா" என்றார். அதைப் பூசினாள். அடேயப்பா! அந்தச் சுவர் கண்ணன் புதுச் செருப்பு மாதிரி மின்னினான். நான் சிரித்தேன், அம்மாவும் சிரித்தாள். காலா வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, "மாஷா அல்லா! எங்க ராஜாதானே இது?" என்றார். பார்த்தவுடன் கண்டுபிடித்தது அவர் ஒருவர்தான். தினமும் பார்த்தவர் ஆயிற்றே.

கண் மட்டும் வைக்கவில்லை. சாமி படம் எழுதுகிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். கண் திறக்கும் வரை அது சுவரும் சாயமும். திறந்துவிட்டால் சாமி, அப்புறம் அழிக்கக் கூடாது. அஷ்டமி அன்று வேலூரிலிருந்து ஒருவரை வரவழைத்துக் கண் திறக்கலாம் என்று மண்டிக்காரர் சொல்லியிருந்தார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூடத்தைப் பூட்டி வைத்து, சனிக்கிழமை பஜனைக்குத் திறந்தார்கள். ஈரத்தில் ஒரு வாசனை குப்பென்று வந்தது. நம்மில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை, அது அம்மா அப்பா வீட்டுக்கு வரும் வாசனை. மண்டிக்காரர் சுவரருகே போனார், மூக்கை வைத்து முகர்ந்தார். அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். தெருவே வந்தது.

"இன்னாம்மா இது?"

"கண்ணன், மொதலாளி."

"அது தெரியுது. இது ஷாப்ல தோலுக்குத் தேய்க்கிற கலருதானே?"

"ஆமாங்க. கடை நீலம் நிக்கல. இது நிக்கும்."

"தோலுக்குப் பூசறத சாமிக்குப் பூசுவியா?"

"டப்பாலேர்ந்து நேரா சுவத்துக்கு வந்ததுங்க. தோலத் தொடக்கூட இல்ல."

"ஜாஸ்தி பேசாத. உள்ள வந்த ஒடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

"வாசனையப் புடிச்சே கண்டுபுடிச்சிட்டீங்களே மொதலாளி. அந்த வாசன உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. மண்டிக்காரர் முகம் சிவந்தது. "பெத்த புள்ளைய உரல்ல கட்டிப் போட்டுட்டு வேலைக்கிப் போறவ நீ. கண்ணனப் பத்தி உனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார்.

அம்மா சுவரைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி யசோதையைக் காட்டினாள். "இவங்க இன்னா பண்றாங்க, மொதலாளி?"

பதில் வராத பெரிய மனிதர்கள் என்ன செய்வார்களோ அதை மண்டிக்காரர் செய்தார். அப்பா பக்கம் திரும்பினார். "இன்னாப்பா சொல்ற?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "அழிச்சிடலாம் மொதலாளி" என்றார்.

அன்று முதல் நான் அப்பாவிடம் பேசவில்லை. அம்மா பேசினாள், சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள். எனக்கு அதுவும் கோபமாக இருந்தது. நம் ஷாப்புக்கு வரும் தோல் நின்றால் தெருவில் பாதி அடுப்பு எரியாது என்பது ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

அஷ்டமிக்கு முதல் நாள் காலை வெள்ளையடிக்க ஆள் வந்தார். பள்ளிக்கூடம் போகிற வழியில் நாம் எல்லோரும் வாசலில் குவிந்து நின்றோம். மண்டிக்காரர் மேடையில் உட்கார்ந்திருந்தார். வாளியில் சுண்ணாம்பு கரைத்து, மட்டையை முக்கி, அந்த ஆள் சுவர்ப் பக்கம் போகும்போது அம்மா வந்தாள். வேலைக்குப் போகிற சேலை. இடுப்பில் தம்பி, அவன் இடுப்பிலிருந்து அவிழ்த்த துணி தரையில் இழுபட்டது. கையில் கண்மை டப்பி. தம்பிக்கு வைக்கிற மை, விளக்கெண்ணெய்ப் புகையில் பிடித்தது.

யாரையும் கேட்கவில்லை. நேரே சுவருக்குப் போனாள். விரலில் மை தொட்டு, சுவரிலிருந்த பிள்ளைக்கு வலது கண் வைத்தாள், இடது கண் வைத்தாள். கடைசியில் கன்னத்தில் ஒரு பொட்டு, திருஷ்டிக்கு. தம்பிக்குத் தினமும் வைக்கிற அதே இடம். கண் வந்ததும் அந்தப் பிள்ளை சட்டென்று நம்மைப் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நாம் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனோம்.

அம்மா மண்டிக்காரரைப் பார்த்துத் திரும்பினாள். "கண்ணு தொறந்தாச்சு மொதலாளி. இப்ப அடிக்கச் சொல்லுங்க."

வெள்ளையடிக்க வந்தவர் மட்டையை வாளியிலேயே போட்டார். "நா புள்ளகுட்டிக்காரன்யா. என்னால ஆவாது" என்று சொல்லி ஒதுங்கி நின்றார்.

மண்டிக்காரர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மட்டையைத் தானே எடுத்தார்.

"சுண்ணாம்பு எங்கேர்ந்து வந்துச்சு மொதலாளி?" என்று அம்மா கேட்டாள். "மூட்டையப் பாத்தா ஷாப் குழில கொட்ற அதே மூட்டையாட்டம் கீதே. தோல் மயிர எடுக்கிற சுண்ணாம்பு சாமிக்கு ஆவுமா?"

அவர் திரும்பவில்லை. அடித்தார். முதலில் கால், பிறகு தொப்பை, கடைசியில் முகம். கண்மேல் அடிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். காயவிட்டுச் சுவர் முழுக்க மறுபடி ஒரு பூச்சு. அம்மா கடைசி வரை நின்று பார்த்தாள். ஷாப் சங்கு ஊதிவிட்டது, அரைநாள் வேலை போயிற்று, அவள் அசையவில்லை. தம்பி அவள் தோளில் தூங்கிப்போனான். அடித்து முடிந்ததும், "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்த 'சரி'யை என்னால் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்ல முடிந்ததில்லை. மாமியாரிடம் முயன்றேன், வரவில்லை.

மறுநாள் அஷ்டமி. வாசலில் மாவால் பிஞ்சுக்கால்கள் போட்டு, சீடை முறுக்கோடு கூடத்தைத் திறந்தார்கள். முதலில் உள்ளே போனவர்கள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்கள். சுண்ணாம்பு காய்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து நீலம் ஊறி மேலே வந்திருந்தது. தொப்பை, கோணிய உதடு, ஒரு பெரிய காது, முதுகுப் பக்க முடிச்சு. யசோதை இல்லை, பானை இல்லை, வெண்ணெய் இல்லை. போர்டு எழுதியவரின் கலரெல்லாம் சுண்ணாம்புக்கு அடங்கிவிட்டது. பிள்ளை மட்டும் அடங்கவில்லை.

கண் இல்லாமல் வந்திருந்தான். மை சாதாரணப் புகைதானே, அடியில் தங்கிவிட்டது.

என் மகன் கெமிஸ்ட்ரி படித்தவன். அந்தக் காலத்துத் தோல் சாயத்தில் சிலது எந்தப் பூச்சிலும் ஊறி மேலே வரும் என்கிறான். வரட்டும். சாயத்துக்கு இருந்த ரோஷம்கூட அன்றைக்கு அந்தக் கூடத்தில் பல பேருக்கு இல்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

மண்டிக்காரர் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தார். இரண்டு பூச்சு, நாலு பூச்சு, ஒரு வருஷம் டிஸ்டெம்பர். சித்திரைக்குள் நீலம் ஊறிவிடும். ஆவணியில் அம்மா டப்பியோடு போய்க் கண் திறப்பாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். சண்டையா சடங்கா என்று தெரியாதபடி அது நடந்துகொண்டே இருந்தது. கொஞ்ச வருஷத்தில் தெருப் பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மா விரலில் மீந்த மையைப் பிள்ளை கன்னத்தில் வைக்கச் சொன்னார்கள். நாய்க்குட்டி என்று சொன்னவர்களும் வரிசையில் நின்றார்கள். அம்மா எல்லோருக்கும் வைத்தாள், எனக்குத்தான் வயிறு எரிந்தது. மண்டிக்காரர் இறந்துபோன பிறகு, அவர் வீட்டில் பேரனை மாடிப்படிக் கம்பியில் துண்டால் கட்டியிருந்ததைப் பார்த்தேன். தெய்வம் கேட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். படி செங்குத்து, அவ்வளவுதான்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் அதற்குப் பிறகு ஜால்ராவைத் தொடவே இல்லை. காது மந்தம் என்று சொல்லிக்கொண்டார், நானும் நம்பினேன். அம்மா கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் சொன்னாள். "அன்னிக்குக் காலைல நான் வேலைக்குத்தான் கெளம்பினேன்டி. உங்கப்பாதான் தம்பியோட கட்ட அவுத்து அவன என் இடுப்புல வெச்சாரு. மை டப்பியையும் அவர்தான் கைல குடுத்தாரு. 'என்னால ஆவல, நீ போ'ன்னாரு." அவ்வளவு வருஷமும் அவரைக் கோழை என்று மனசுக்குள் வைத்திருந்தேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தெருவும் அவரை அப்படித்தான் நினைத்தது, அதற்காகவும் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பிறகு ஆவணியில் நான் போகிறேன். டப்பி அதேதான், மை நானே பிடிக்கிறேன். முட்டிவலியோடு முதல் பஸ் ஏறி வருகிறவளைப் பார்த்து, "வந்துட்டாங்க மைக்காரம்மா" என்று இப்போதைய பிள்ளைகள் சொல்வது எனக்குத் தெரியும். சொல்லட்டும்.

டைல்ஸ் அப்படி இல்லை. கல்லில் எதுவும் ஊறி வராது. மண்டிக்காரர் சுண்ணாம்பால் செய்ய முடியாததை நீங்கள் பக்தியால் செய்யப் பார்க்கிறீர்கள். அந்த அச்சுக் கண்ணனைப் பாருங்கள். இடுப்பில் கட்டில்லை, பக்கத்தில் உரல் இல்லை, வேலைக்குப் போன அம்மாவும் இல்லை. அவனுக்கு நம் தெருவில் என்ன வேலை?

கோயிலுக்குள் அடிக்கிற மிருதங்கமும் தோல்தானே என்று நான் வாதம் பண்ண வரவில்லை. அதை எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் பேசுவது எங்கள் அம்மாவைப் பற்றி.

நேற்று தம்பிக்குப் போன் செய்தேன். உரலில் கட்டுண்ட அந்தப் பிள்ளைக்கு இப்போது தலையில் ஒரு முடி இல்லை. காது மட்டும் அப்படியே இருக்கிறது.

"இன்னாக்கா பண்ணப் போற?" என்றான்.

"அஷ்டமிக்கு மையோட போவேன். டைல்ஸ்காரங்க வந்தா சுவத்து முன்னாடி உக்காந்துக்குவேன்."

"ஓரமா உக்காரு பெரீம்மான்னு தூக்கி வெச்சிட்டுப் போவானுங்க."

போனை வைக்கப் போனேன். அதற்குள், "அந்தச் சீலத் துணி இருக்குதாக்கா?" என்று கேட்டான்.

"பொட்டில கீது. எதுக்கு?"

"எடுத்துக்கினு வா. நானும் வர்றேன். சுவத்த ஒட்டி ஒரு தூண் இருக்குதுல்ல, அதுல என்னக் கட்டிப் போடு. முடிச்ச முதுகுப் பக்கம் போடுக்கா, எனக்கு எட்டக் கூடாது."

போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். துணி இற்றுப்போகவில்லை, ஓரத்தில் நீலக் கறைகூட இருக்கிறது. நீட்டிப் பார்த்தேன். தம்பி இப்போது நல்ல தொப்பை வளர்த்திருக்கிறான், நிச்சயம் பத்தாது. என் சீலை ஒன்றைக் கிழித்து அதோடு முடிந்து, துவைத்து, கொடியில் போட்டிருக்கிறேன். மனசு வரவில்லை என்றால் எந்தக் கயிறும் பத்தாது என்றாள் அம்மா. எனக்கு மனசு வந்துவிட்டது.